சக்கரத்துக்கு வைத்த கட்டை

குணசேகரன் இறந்த செய்தி வந்தபோது நான் லீவு போட்டுவிட்டுக் கிள்ளான் பாசாரில் இறால் வாங்கிக்கொண்டிருந்தேன். எங்கள் லோரி கம்பெனியில் கிளார்க்காக இருக்கும் சாந்திதான் போன் செய்தாள்.

"அக்கா, குணா அண்ணே போயிட்டாரு."

"எங்க போனாரு? இன்னைக்கு லீவா?" என்றேன்.

அவள் அழத் தொடங்கிய பிறகுதான் எனக்குப் புரிந்தது. பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் காலையில் வேலைக்குக் கிளம்பிச் சட்டையை மாட்டியவர், பொத்தான் போடக் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். அப்புறம் எழுந்திருக்கவில்லை. அறுபது வயதுகூட ஆகவில்லை. நான் இறாலை நிறுத்து வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன். அழவில்லை. அவரோடு நான் நாலு வருடமாகப் பேசவில்லை என்பது போர்ட் கிள்ளான் ஆபீசில் எல்லாருக்கும் தெரியும். ஏன் பேசவில்லை என்று கேட்டால் அரைகுறையாகத்தான் தெரியும். அதனால்தான் இதை எழுத ஒப்புக்கொண்டேன்.

பதினாறாம் நாள் பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்தில் கூடும்போது கொடுப்பதற்கு ஒரு சின்னப் புத்தகம் போடுகிறார்கள். "நீங்களும் எழுதுங்க அக்கா. நல்லதா எழுதுங்க" என்றாள் சாந்தி. "நடந்தத எழுதுறேன். நல்லது இருந்தா அதுல வரும்லா" என்றேன். நான் படித்தது ஜெஞ்சாரோம் பக்கத்துத் தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை. எழுத்துப் பிழையை அவள் திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தில் கை வைக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

நல்லதை முதலில் எழுதிவிடுகிறேன். நான் அந்த ஆபீசின் பேன்ட்ரியில் தேத்தண்ணி கலக்கவும் கோப்பை கழுவவும் சேர்ந்தவள். ஒருநாள் துறைமுக வாசலில் இருந்து ஒரு டிரைவர் போனில் கத்திக்கொண்டிருந்தார். அப்போது இருந்த கிளார்க் பெண், பெட்டி எண் எழுதிய தாளைக் காணாமல் மேசையைக் கிளறிக்கொண்டிருந்தாள். கண்டெய்னரைத்தான் நாங்கள் பெட்டி என்போம். நாலு எழுத்தும் ஏழு எண்ணும் சேர்ந்தது அதன் அடையாளம். முந்தின நாள் அவள் அதை உரக்கப் படித்தது என் காதில் விழுந்திருந்தது. கை நிறையச் சோப்பு நுரையோடு உள்ளே இருந்தே முழு எண்ணையும் சொன்னேன்.

குணசேகரன் எழுந்து பேன்ட்ரி வாசலுக்கு வந்தார். ஆபீசின் கம்ப்யூட்டர் வேலை முழுவதும் அவர் கையில்தான் இருந்தது.

"நேத்து எத்தனை பெட்டி வந்துச்சு அக்கா?"

"பதினொண்ணு."

"எல்லா நம்பரும் தெரியுமா?"

சொல்லத் தொடங்கினேன். ஒன்பதாவதில் கையை உயர்த்திப் போதும் என்றார். "இந்த மண்டைய வச்சுக்கிட்டு கப்பு கழுவுறீங்களே. கப்புக்கே வெக்கமா இருக்கும்."

அந்தக் கிளார்க் பிள்ளைப்பேற்றுக்குப் போனபோது முதலாளியிடம் பேசி என்னை அவள் இடத்தில் உட்காரவைத்தவர் அவர்தான். நாற்காலியைத் தன் கையாலேயே இழுத்துப் போட்டார். நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் படத்தை என் மகள் சுபாங் ஜெயா வீட்டில் சட்டம் போட்டு மாட்டினாள். பேத்தி தன் சினேகிதிகளிடம் அதைக் காட்டுவாளாம்.

பொறுமையாகத்தான் சொல்லிக்கொடுத்தார். நான் கோபத்தில் மௌசைத் தட்டினால், "மெஷினுக்கு யார் மேலயும் கோவம் கிடையாது அக்கா, நீங்க மட்டும் ஏன்?" என்பார். கம்ப்யூட்டரில் எதை மாற்றினாலும் கெட்டி அட்டை போட்ட ஒரு நோட்டில் என்ன மாற்றினார், யார் கேட்டது என்று எழுதி வைப்பார். "எழுதி வைக்காத வேலை, செய்யாத வேலை" என்று அடிக்கடி சொல்வார். அவரை அறிந்த எல்லாரும் இதைக் கேட்டிருப்பீர்கள். ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி எங்கள் சண்டைக்கு வருகிறேன். பிரவுசரில் மேலே வரிசையாக நிற்கும் பக்கங்களுக்கு டேப் என்று பெயர். வேண்டிய டேப்பை இடது ஓரத்தில் குத்தி வைக்கலாம். குத்தி வைத்தால் பெயர் மறைந்து சின்னப் படம் மட்டும் தெரியும். கை தவறி மூடிவிட முடியாது. அன்றைய லோரிப் பட்டியலைக் குணசேகரன் அப்படிக் குத்தி வைத்திருந்தார். எந்தப் பெட்டிக்கு எந்த லோரி, துறைமுக வாசலில் சொல்ல வேண்டிய நுழைவு எண் எது என்பதெல்லாம் அதில் இருக்கும். டிரைவர் போன் செய்தால் பார்த்துச் சொல்ல வேண்டும்.

பட்டியலில் ஒரு பெட்டியைத் தட்டினால் அதன் விவரம் வரும். எங்கள் கம்பெனிப் பக்கமாக இருந்தால் குத்தி வைத்த டேப்பிலேயே திறக்கும். பட்டியலுக்குத் திரும்ப, பின்னால் போகும் அம்பை ஒருமுறை அமுக்க வேண்டும். கப்பல்காரர்களின் பக்கமாக இருந்தால் புது டேப்பில் திறக்கும். அங்கே அந்த அம்பு செத்துக் கிடக்கும். டேப்பை மூடினால்தான் பட்டியல் வரும். மூடிய பிறகும் கை பழக்கத்தில் அம்பை அமுக்கிவிட்டால், பட்டியல் சத்தமில்லாமல் நேற்றைய பட்டியலாகிவிடும். இரண்டும் பார்வைக்கு ஒன்றுதான். தேதி ஒரு மூலையில் எறும்பளவு எழுத்தில் இருக்கும். இரண்டு முறை அப்படிப் போய், இரண்டு முறையும் நானே கண்டுபிடித்துவிட்டேன். மூன்றாம் முறை அவரைக் கூப்பிட்டேன்.

"தம்பி, இந்த அம்பு சரியில்ல. லிஸ்டத் தாண்டி நேத்தைக்குப் போயிடுது."

"அது அப்படித்தான் அக்கா. பேக் பட்டன்னா வந்த வழியே திரும்பணும். நேத்து லிஸ்டுல இருந்துதானே இன்னைக்கு லிஸ்டுக்கு வந்தோம்?"

"அப்ப குத்தி வச்சது எதுக்கு?"

"மூடாம இருக்க."

"மூடாம இருந்தாப் போதுமா, நகராம இருக்க வேணாமா? மேட்டுல லோரிய நிறுத்தி சக்கரத்துக்குக் கட்டை வைக்கிறாங்க. கட்டையத் தாண்டி லோரி பின்னால போச்சுன்னா அதுக்குப் பேரு கட்டையா? குத்தின பக்கத்துக்கு வந்ததும் அம்பு நிக்கணும். அதுக்கு மேல போகக் கூடாது."

அவர் சிரித்தார். "இது லோரி இல்லக்கா, பிரவுசர். ஊரு ஒலகம் பூரா இப்படித்தான் இருக்கு. உங்க ஒருத்தருக்காக மாத்தச் சொல்றீங்களா?"

பக்கத்து மேசைக்காரர்களும் சிரித்தார்கள். யார் யார் சிரித்தார்கள் என்று எனக்கு இன்றைக்கும் தெரியும். அவர்களில் இரண்டு பேர் இந்தப் புத்தகத்தில் எழுதுகிறார்கள்.

ஒரு மாதம் போயிருக்கும். பேத்தியின் பிறந்தநாளுக்கு ஒருநாள் லீவு போட்டுச் சுபாங் ஜெயா போய்வந்தேன். மறுநாள் வேலைக்கு வந்தேன். மீன் பெட்டி ஒன்று, நான் இல்லாத அன்று எடுக்க வேண்டியது, கப்பல் தாமதத்தால் ஒருநாள் தள்ளிப்போயிருந்தது. பெட்டி அதே, லோரி அதே, நுழைவு எண் மட்டும் புதிது. நான் கப்பல்காரர்களின் பக்கத்தைப் பார்த்து, டேப்பை மூடி, கை பழக்கத்தில் அம்பை ஒருமுறை அமுக்கியிருக்கிறேன். டிரைவர் முருகேசு வாசலில் இருந்து கூப்பிட்டார். திரையில் இருந்ததைப் படித்தேன்.

"அக்கா, இந்த நம்பர் ஏற மாட்டேங்குது. நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் அதையே சொன்னேன். முந்தின நாள் நான் அங்கே இருந்திருந்தால் அது பழைய எண் என்று என் மண்டையே சொல்லியிருக்கும். வெளியே போயிருந்த குணசேகரன் திரும்பி வந்து பார்ப்பதற்குள் எங்களுக்குக் கொடுத்த நேரம் தாண்டிவிட்டது. அடுத்த நேரம் மறுநாளைக்குத்தான் கிடைத்தது. மீனுக்குக் காத்திருந்த வியாபாரி கோபித்துக்கொண்டு வேறு லோரிக்காரரிடம் போய்விட்டார். பல வருட வாடிக்கை அவர்.

எங்கள் முதலாளி சீனர். தவுக்கே என்றுதான் கூப்பிடுவோம். எல்லாரையும் நடுக்கூடத்தில் நிற்கவைத்து, "இனி சியாப்பா பூஞா சாலா?" என்று மலாயில் கேட்டார். யார் தப்பு என்றுதான் கேட்டார், என் பெயரைச் சொல்லவில்லை. நான் குணசேகரனைப் பார்த்தேன். இந்த அம்பைப் பற்றி ஒரு மாதம் முன்னாலேயே சொன்னாள், நான்தான் கேட்கவில்லை என்று சொல்வார் என நம்பினேன்.

"டியா சாலா தெக்கான்" என்றார் அவர். அவள் தப்பாக அமுக்கிவிட்டாள் என்று அர்த்தம்.

மூன்றே சொல். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அன்று மத்தியானமே நான் பேன்ட்ரிக்குத் திரும்பினேன். படிக்காதவளை உட்காரவைத்தால் இப்படித்தான் என்று யாரோ சொன்னது கதவு வழியாகக் கேட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை மகள் வீட்டுக்குப் போய், சுவரில் இருந்த படத்தை நானே கழற்றிப் பீரோவுக்குள் வைத்தேன். "பாட்டி, இப்ப கம்ப்யூட்டர் வேலைக்குப் போகலயா?" என்று பேத்தி கேட்டாள். கண்ணில் தூசி என்று சொல்லிச் சமையலறைக்குப் போனேன்.

அதுவரை அவர் கோலாலம்பூரில் இருந்து வரும் ரயிலில் கிள்ளானில் நான் ஏறுவேன். ஆபீஸ் வரை பேசிக்கொண்டே போவோம். அதன் பிறகு பெண்கள் பெட்டியில்தான் ஏறினேன். வேலையில் குறை வைக்கவில்லை. பாலும் சீனியும் இல்லாத தே ஓ கோசோங்தான் அவருக்கு வேண்டும். நாலு வருடம், ஒரு நாளைக்கு இரண்டு முறை, அவர் மேசையில் கொண்டுபோய் வைத்தேன். ஒரு சொல் பேசவில்லை.

ஒன்றை மறைக்காமல் எழுதத்தான் வேண்டும். போன தீபாவளிக்கு முந்தின நாள் அவர் காலிக் கோப்பையோடு பேன்ட்ரிக்கு வந்து நின்றார். "அக்கா, அந்த லிஸ்டு விஷயம் இருக்குல்ல..." என்று தொடங்கினார். நான் குழாயை முழுக்கத் திறந்துவிட்டேன். தண்ணீர்ச் சத்தத்தில் மேற்கொண்டு என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, கோப்பையை வைத்துவிட்டுப் போய்விட்டார். அதற்காக இன்று வருத்தமா என்றால், இல்லை. அதைச் சொல்ல வேண்டிய இடம் பேன்ட்ரி கிடையாது. நடுக்கூடத்தில் சொன்னதை நடுக்கூடத்தில்தான் திருப்பி எடுக்க வேண்டும்.

அவரை எடுத்த பிறகு வந்த முதல் வேலை நாளில் சாந்தி அழுதுகொண்டே முகம் கழுவப் போனாள். நான் விட்டுவந்த நாற்காலிக்கு அடுத்த மாதமே வந்து சேர்ந்தவள் அவள். மேசையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. ஒருவரும் எடுக்கவில்லை. நான் உட்கார்ந்து எடுத்தேன். முருகேசுதான்.

"யாரு, அஞ்சலக்காவா?" என்றார். அப்புறம் வேறொன்றும் கேட்காமல் பெட்டி எண்ணைச் சொன்னார்.

கப்பல்காரர்களின் பக்கத்தைத் திறந்தேன், பார்த்தேன், மூடினேன். கை தன்னால் அம்புக்குப் போய் அமுக்கிவிட்டது. பட்டியல் அப்படியே நின்றது. மறுபடியும் அமுக்கினேன். வேண்டுமென்றே பத்து முறை அமுக்கினேன். இன்றைய தேதி அசையவில்லை. நுழைவு எண்ணைப் படித்துச் சொன்னேன். முருகேசு உள்ளே போனார்.

திரும்பி வந்த சாந்தி, "அது போகாதுக்கா. நான் வந்ததுல இருந்தே அப்படித்தான். குணா அண்ணே உள்ள ஏதோ போட்டு வச்சிருக்காரு" என்றாள்.

நோட்டை எடுக்கச் சொன்னேன். பக்கங்களைப் பின்னால் புரட்டிப் புரட்டிப் பார்த்தோம். நான் பேன்ட்ரிக்குத் திரும்பிய ஒன்பதாம் நாள், அவருடைய குண்டுக் கையெழுத்தில், தமிழில், ஒரு வரி இருந்தது. மற்ற வரிகளெல்லாம் இங்கிலீஷ்.

"அஞ்சலக்கா சொன்ன கட்டை போட்டாச்சு. குத்தின பக்கத்தைத் தாண்டிப் போகாது. தப்பு என்னுது."

ஒன்பது நாளில் அவருக்குத் தெரிந்துவிட்டது. நான் சொன்னபடியே செய்துவிட்டார். என் பெயரையும் எழுதிவிட்டார். பிறகு நோட்டை மூடிவிட்டு நாலு வருடம் என் கையால் தே ஓ வாங்கிக் குடித்தார். எழுதி வைத்த வேலைதான் செய்த வேலை என்று நம்பியவர், எழுதியதோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டாரோ என்னவோ. கேட்க ஆள் இல்லை. என்மேல் விழுந்த தப்பை எடுக்கக்கூடிய ஒரே வாய் மூடிக்கொண்டது. அதனால் நானே எடுக்கிறேன். இதைப் படிப்பவர்களில் பலர் அன்று நடுக்கூடத்தில் நின்றவர்கள்தான்.

நோட்டை மண்டபத்துக்குக் கொண்டுவந்து, அவர் படத்துக்கு முன்னால் அந்தப் பக்கத்தைத் திறந்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

"தவுக்கே வருவாரே அக்கா. செத்தவரு பேரு கெட்டுப்போகாதா?" என்றாள் சாந்தி.

"என் பேரு நாலு வருசம் கெட்டுக் கெடந்துச்சு. நான் அதோடதான் தே கலக்குனேன். அவரு ஒருநாள் தாங்கட்டும்."

நோட்டை அவள் கொண்டுவருவாள். நல்ல பெண்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த ஒரு வரிதான். மன்னித்தாயா என்று மண்டபத்தில் யாரும் என்னிடம் கேட்க வேண்டாம். அங்கே விசிறி வேகமாகச் சுற்றும். தாள் புரண்டு வேறு பக்கம் போய்விடாமல் இருக்க, அதன்மேல் அவருடைய கோப்பையை வைப்பேன். கழுவித் துடைத்துத்தான் கொண்டுவருகிறேன்.