முகம் பார்க்க ஒரு சிக்னல்: நெடுந்தீவில் ஒரு பகல்

செய்தி ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போய்ச் சேர்ந்த வழிகளைப் பற்றிச் சில மாதங்களாக எழுதிக்கொண்டிருக்கிறேன். நெடுந்தீவில் ஒல்லாந்தர் காலத்துப் புறாக்கூடு ஒன்று உண்டு. புறாக்களின் காலில் கடிதம் கட்டி அனுப்பினார்கள் என்பார்கள். அதைப் பார்க்கத்தான் கடந்த ஆடியில் ஒரு சனிக்கிழமை புறப்பட்டேன்.

யாழ்ப்பாணம் பேருந்து நிலையத்தில் காலை ஆறே முக்காலுக்கு 776ஆம் இலக்கப் பேருந்தில் ஏறினால் குறிகட்டுவான் இறங்குதுறைக்கு ஒன்றேகால் மணி நேரம். தூரம் சுமார் முப்பத்தைந்து கிலோமீற்றர். கடல் பார்க்க விரும்புகிறவர்கள் வலப்பக்கம், இடப்பக்கம் என்று யோசிக்கத் தேவையில்லை. இரண்டு பக்கமும் கடல்தான். புங்குடுதீவுச் சந்திகளில் அஞ்சலிப் பதாகைகள் கட்டியிருந்தன. இறந்தவரின் படத்துக்குக் கீழே பிள்ளைகளின் பெயர்கள், பக்கத்தில் ஊர்கள்: ரொறன்ரோ, பாரிஸ், லண்டன். பதாகைக்குப் பின்னால் தெரிந்த வீடுகள் பெரும்பாலும் பூட்டியிருந்தன.

படகு எட்டரைக்கு. தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்றில் அலை உள்ளே அடித்தது, நனையாமல் இருக்க வழியில்லை. அந்த ஒரு மணி நேரமும், செய்தி வந்து சேர நான் பார்த்த வழிகளை எண்ணிக்கொண்டு வந்தேன். வெளிநாட்டுக்குப் போன பிள்ளைகளின் நீலக் கடிதங்கள். பிறகு, குரலைப் பதிந்து அனுப்பிய ஒலிநாடாக்கள். வானொலியில் மரண அறிவித்தல். அது முடியும்வரை வீட்டில் யாரும் பேசக்கூடாது. போர்க்காலத்தில் ஒன்றும் இல்லை. பின்னர் தொலைபேசிக் கடைகளின் வரிசை, அதன் பின் கைப்பேசி. ஒவ்வொன்றும் வந்தபோது இனித் தூரம் இல்லை என்றார்கள். ஆட்கள் இன்னும் தூரம் போனார்கள்.

நெடுந்தீவு இறங்குதுறையில் ஓட்டோக்காரர் யேசுதாசன் அகப்பட்டார். தீவைச் சுற்றிக்காட்ட மூவாயிரம் ரூபாய் கேட்டார்.

“புறாக்கூடு பாக்கவோ அண்ணை? எல்லாரும் அதைத்தான் பாக்க வருகினம். அந்தப் புறாவள் பரவாயில்லை, சொன்ன இடத்துக்குப் போயிருக்கும். எங்கட போன் நிண்ட இடத்திலயே இந்தியாவுக்குப் போயிடும்.”

பகிடி அல்ல. நெடுந்தீவின் சில பக்கங்களில் நம்முடைய கைப்பேசிக் கோபுரம் பலவீனம். கடலுக்கு அப்பாலுள்ள இந்தியக் கோபுரம் போனைப் பிடித்துக்கொள்ளும். பிறகு இணையம் இல்லை.

புறாக்கூடு ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருக்கிறது. கல்லில் பொந்துகள் வைத்துக் கட்டியது. பத்து நிமிடத்தில் பார்த்து முடித்துவிடலாம். அதன் பிறகு யேசுதாசன், “அண்ணை, ஒரு செத்தவீடு. என்ர பெரியப்பா. ஒருக்கா தலைகாட்டிப்போட்டு வருவமோ?” என்றார்.

இறந்தவர் கடற்தொழிலாளி, எண்பது தாண்டியவர். நாங்கள் போகும்போது பூசை முடிந்து, பெட்டியைக் கத்தோலிக்கக் கோயில் முற்றத்தில் திறந்து வைத்திருந்தார்கள். மூடுவதற்கு முன் உறவினர் ஒவ்வொருவராக நெற்றியில் முத்தமிடுவது, இங்கத்தைப் பேச்சில் ‘கொஞ்சுவது’, வழக்கம். மகள் ஸ்ரெல்லா மட்டும் கைப்பேசியை உயர்த்திப் பிடித்தபடி நின்றார். அவருடைய ஒரே தம்பி ஜெறாட் ரொறன்ரோவில். அகதி வழக்கு முடியாததால் அவரால் வர ஏலாது. நேரலை எடுக்க யாழ்ப்பாணத்தில் ஒழுங்கு செய்திருந்த படப்பிடிப்பாளர் கடலைக் கண்டு குறிகட்டுவானிலேயே திரும்பிவிட்டார்.

ஸ்ரெல்லாவின் போனில் இந்திய வலையமைப்பின் பெயர் தெரிந்தது. யேசுதாசன் என்னைப் பார்த்தார். என்னுடையது வேறு நிறுவனத்துச் சிம். என் போனிலிருந்து ஸ்ரெல்லாவின் போனுக்கு இணையம் கொடுத்தேன். ஜெறாட்டின் முகம் வந்தது.

“அக்கா, மூடாதேங்கோ. அப்பாவைக் காட்டுங்கோ.”

ஸ்ரெல்லா போனைப் பெட்டிக்கு மேலே கொண்டுபோவதற்குள் ஜெறாட் திரையில் வாய் திறந்தபடியே உறைந்துபோனார். என் போனும் இந்தியாவுக்குப் போய்விட்டது.

“ஃபாதர், ஒரு நிமிசம். அவனுக்குக் காட்டிப்போட்டுக் கொஞ்சுறன்,” என்றார் ஸ்ரெல்லா, பெட்டியருகே நின்ற பாதிரியாரிடம்.

“பிள்ளை, படகு நிக்காது. எனக்குப் பின்னேரம் மற்றத் தீவில பூசை. யாழ்ப்பாணத்துச் சனமும் போகவேணும்.” சொல்லிவிட்டும் அவர் காத்து நின்றார். ஐந்து நிமிடம், பத்து நிமிடம்.

“கனடாவில இருந்துகொண்டே பெட்டியையும் தூக்கப்போறார் போல,” என்றார் கூட்டத்தில் ஒருவர்.

யேசுதாசன் என் போனை வாங்கி, வலையமைப்பைக் கையால் தெரிவுசெய்ய முயன்றார். ஸ்ரெல்லா பெட்டிக்கு முதுகைக் காட்டி மதிலோரம் போய்ப் போனை இன்னும் உயர்த்தினார். பாதிரியார் தலையசைத்தார். மூடியை வைத்தார்கள். ஆணி அடிக்கும் சத்தம் கேட்டுத்தான் ஸ்ரெல்லா திரும்பினார்.

“ஐயோ, நான் இன்னும் கொஞ்சேல்லை.”

அடித்த ஆணியைக் கழற்றுவது வழக்கமில்லை. பெட்டியைத் தூக்கினார்கள்.

அடக்கம் முடிந்து, சேமக்காலை எனப்படும் கல்லறைத் தோட்டத்தின் வாசலில் ஸ்ரெல்லா என்னிடம் வந்தார். “அண்ணை, நீங்கள் அப்பாவின்ர முகத்தைப் படம் எடுத்தனீங்களோ?” அந்நியன் செத்தவீட்டில் படம் எடுப்பது முறையல்ல என்று நான் எடுக்கவில்லை. அதைச் சொன்னேன். அப்போதுதான் என் போனில் இணைப்புத் திரும்பி வந்து, அவருடைய போன் அடித்தது.

“அக்கா, முடிஞ்சுதோ? எனக்கு ஒண்டும் தெரியேல்லை. அப்பாவின்ர முகம் எப்பிடி இருந்தது?”

“வடிவாப் பாத்தனான் தம்பி. உனக்கும் சேர்த்துக் கொஞ்சினனான். நித்திரை கொள்ளுற மாதிரிக் கிடந்தார்.”

போக விரும்புகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். வைகாசி முதல் ஆவணி வரை கடல் கடுமை. மாசி, பங்குனி நல்லது. குடிதண்ணீர் கொண்டு போங்கள். இரண்டு நிறுவனத்துச் சிம் வைத்திருங்கள், வலையமைப்பு தானாக மாறாதபடி குறிகட்டுவானிலேயே செய்துவிடுங்கள். இது இடம் பார்க்கப் போகிறவர்களுக்கான அறிவுரை. அங்கேயே இருக்கிறவர்களுக்கு அல்ல. திரும்பும் கடைசிப் படகு இரண்டரைக்கு, அடுத்தது மறுநாள் காலை. இரண்டரைப் படகைப் பிடிக்க யேசுதாசன் ஓட்டோவை முடுக்கிக்கொண்டு கூப்பிட்டார். ஸ்ரெல்லாவின் அழைப்பு ஓடிக்கொண்டிருந்த இணையம் என் சட்டைப்பையில் இருந்தது. கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு போய் ஏறினேன். ஓட்டோ திரும்பும்போது ஸ்ரெல்லா அதே இடத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்: “தம்பி, கேக்குதோ? தம்பி?”