கட்டிலடியில் இருந்த முறம்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கணவரின் தொழிற்சாலை வேலைக்காக மைசூருக்கு வந்தபோது எனக்குக் கன்னடம் தெரியாது. அடுத்த வீட்டுக்காரிக்குத் தமிழ் தெரியாது. தேவராஜ மார்க்கெட்டுக்குச் சேர்ந்து போய் வந்தே ஒருவர் பேச்சை மற்றவர் பிடித்துக்கொண்டோம். அவள் என்னிடம் எதையும் மறைக்க மாட்டாள் என்று நம்பினேன்.

கௌரி ஹப்ப என்கிற கௌரி பண்டிகைதோறும் அவள் எனக்குப் பாகினம் தருவாள். மஞ்சள் பூசிக் குங்குமப் பொட்டுகள் வைத்த முறத்தில் வளையல், கருகமணி, சீப்பு, பருப்பு, வெல்லம் எல்லாம் வைத்து, இன்னொரு முறத்தால் மூடி, சிவப்பு நூல் கட்டித் தருவது. கல்யாணமான பெண்களுக்கு மட்டும்தான். புதுப்பெண்ணுக்கு முதல் பாகினம் பிறந்த வீட்டிலிருந்து போக வேண்டும் என்பார்கள்.

போன வருஷம் பண்டிகை முடிந்து மகளின் அறையைப் பெருக்கினேன். கட்டிலுக்கு அடியில் துடைப்பம் எதிலோ இடித்தது. இழுத்தேன். பாகின முறம். நூல்கூடப் பிரிக்கவில்லை. குங்குமப் பொட்டுகளில் நடுப்பொட்டு மட்டும் பெரியது. அப்படி வைப்பவள் அடுத்த வீட்டுக்காரிதான். ஆனால் எனக்கு வந்த முறம் சமையலறையில் இருந்தது.

மகளுக்கு அப்போது வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். மாலையில் அவள் வந்ததும் முறத்தை முன்னால் வைத்தேன்.

“ரிஜிஸ்டர் பண்ணிட்டோம்மா. கூடப் படிச்சவர்தான். ஆன்ட்டிக்கு மட்டும் தெரியும்.”

செருப்பு போடாமல் அடுத்த வீட்டுக்கு ஓடினேன்.

“நாங்க பார்த்த மாப்பிள்ளை போட்டோவைக் காட்டினேனே, லட்சணமா இருக்கான்னு சொன்னியே!”

“லட்சணமாத்தானே இருந்தான்டி. அதுல என்ன பொய்?”

“சிரிக்காதே.”

“சிரிக்கலை. உன் பொண்ணு என் கையைப் புடிச்சு சத்தியம் வாங்கிட்டா. நான் என்ன பண்ண?”

“அப்புறம் பாகினம் எதுக்கு?”

“அவளுக்கு முதல் கௌரி ஹப்ப. அம்மா வீட்லேருந்து ஒண்ணும் போகாம எப்படி? உன் பேர்ல நான் குடுத்தேன்.”

என் பேரில்!

மகள் அவன் வீட்டுக்குப் போய்விட்டாள். எனக்கு மட்டும் எதிலும் நிம்மதியில்லை. நான் நுழையும்போது இருவரும் பேச்சை மாற்றியதெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. கணவரோடு போட்ட சண்டைகளை இவளிடம் சொல்லி அழுதிருக்கிறேனே, அவை யார் காதுக்குப் போயினவோ? அவள் வாசலில் ஆட்டோ நின்றால், இறங்குவது என் மகளோ என்று ஜன்னல் திரையை விலக்கிப் பார்ப்பேன்.

இந்த வருஷமும் பாகினத்தோடு வந்தாள். முந்தானையால் மூடி முறத்தை நீட்டினாள். நானும் மறுபக்கம் பிடித்தேன், ஆனால் வாங்கவில்லை.

“எனக்குத் தெரியாதது இன்னும் ஏதாவது வெச்சிருக்கியா?”

முறத்துக்குள் வளையல் குலுங்கியது. அவள் தெருவைப் பார்த்தாள்.

“உன் பொண்ணு முழுகாம இருக்கா. சொல்லக் கூடாதுன்னு சொன்னா. நான் சொன்னதா காட்டிக்காதே.”

எனக்காக ஒரு வாக்கை மீறிவிட்டாள். சந்தோஷப்பட்டிருக்கலாம். மகள் பேச்சை என்னிடம் சொன்னவள், என் பேச்சை எங்கெல்லாம் சொல்வாள் என்றுதான் மனம் போயிற்று. முறத்தை வாங்கிக்கொண்டேன்.

“பார்க்கப் போறியா? நானும் வரட்டுமா?”

“வேண்டாம்.”

தனியாக மார்க்கெட்டுக்குப் போய்ப் மகளுக்குப் பாகினம் வைக்கப் புது முறங்கள் வாங்கி வந்தேன். கதவைத் தாழிட்டு மஞ்சள் பூசினேன். மகள் பார்த்ததும் இதுவும் அடுத்த வீட்டுக்காரி கொடுத்ததோ என்று அவளுக்குச் சந்தேகம் வரக் கூடாது. பொட்டுகள் எல்லாவற்றையும் ஒரே அளவில் வைத்தேன்.