தம்பியின் தொடை நரம்பும் என் வேலை நிரந்தரமும்

தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டுச் சம்பளம் வாங்குகிறவனுக்கு, தான் யாருடைய பிழைக்காக மன்னிப்புக் கேட்கிறான் என்பது அநேகமாகத் தெரியாது. காதில் ஹெட்செட்டை மாட்டி, எச்சிலை விழுங்கி, "உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது" என்று நாள் முழுக்கச் சொல்லிப் பிழைத்த என் இனத்தவரே, இது உங்களுக்காக.

இரண்டாயிரத்துகளின் நடுப்பகுதி. இல்ஃபோர்ட்டில் ஒரு கம்பளக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் கந்தோர், அதாவது ஆபீஸ். லண்டனில் வசிக்கும் அமெரிக்கர்களுக்குக் கற்பனை பேஸ்பால் நடத்துவது கம்பனியின் தொழில். வாடிக்கையாளர் நிஜமான ஆட்டக்காரர்களைப் பொறுக்கித் தனக்கென்று ஓர் அணி அமைப்பார். அவர்கள் அமெரிக்காவில் நன்றாக ஆடினால் இங்கே இவருக்குப் புள்ளி. எவனாவது காலை உடைத்துக்கொண்டால் இங்கே எனக்குத் திட்டு.

காலையில் அமெரிக்கச் செய்திகளைச் சுருக்கி, ஆட்டக்காரருக்கு ஒரு வரி வீதம் இணையத்தளத்தில் போட வேண்டும். பிறகு போன் எடுக்க வேண்டும். முதல் ஆறு மாதம் என்னைப் பரீட்சித்துப் பார்ப்பார்கள். அதன்பிறகு 'நிரந்தரம்' என்று ஒரு கடிதம் தந்தால்தான், கலியாணம் முடித்து யாழ்ப்பாணத்தில் விட்டுவிட்டு வந்த என் மனைவி தர்சினிக்கு விசா விண்ணப்பம் போடலாம் என்று லோயர் சொல்லியிருந்தார்.

கையுறை

நேர்முகத்தில் மேலாளர் ஹெலன், "பேஸ்பால் தெரியுமா?" என்று கேட்டார். கூடைப்பந்தைத்தான் கேட்கிறார் என்று நினைத்துத் தலையாட்டிவிட்டேன். அவர் ஒரு படத்தைக் காட்டினார். தடியால் அடித்துவிட்டு ஒருவன் ஓடுகிறான். அட, இது எங்கள் ஊர் எல்லே விளையாட்டு அல்லவா! "பள்ளிக்கூடத்தில் இதைத்தான் ஆடினோம், கையுறைகூடப் போடுவதில்லை" என்று துணிந்து அடித்துவிட்டேன். ஹெலன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வெறுங்கையாலா? அப்படியென்றால் எங்கள் வாடிக்கையாளர்களையும் தாங்குவாய்."

ஊனமுற்றோர் பட்டியல்

அந்த வருடம் எல்லோருடைய அணியிலும் ஒரு பொடியன் இருந்தான். வயது இருபத்தொன்று. ஓடித் தொடவேண்டிய கட்டைகளில் இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் நின்று, வருகிற பந்தையெல்லாம் பொறுக்குவான். பெயர் வாய்க்குள் நுழையாததால் எங்கள் கந்தோரில் அவன் 'தம்பி'.

மே மாதத்தில் ஒரு காலை செய்தி வந்தது: தம்பியைப் பதினைந்து நாள் 'டிசேபிள்ட் லிஸ்டில்' போட்டுவிட்டார்கள். இந்த வயதில் ஊனமா? உண்மையில் அது காயம்பட்டவர்களுக்கு ஓய்வு தரும் பட்டியல்; தொடையில் ஒரு நரம்பு இழுத்திருந்தது, அவ்வளவுதான். அது தெரியாமல் பக்கத்து மேசைச் சாந்தி அக்காவிடம் சொல்லிக் கவலைப்பட்டேன். அக்கா ஜெர்மனியில் பன்னிரண்டு வருடம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவர். நாரிப்பிடிப்பு என்கிற இடுப்பு வலிக்காக, ஊனமுற்றோருக்கு அரசாங்கம் தரும் பெனிபிட் கேட்டு விண்ணப்பித்துக்கொண்டே இருந்தார். அவருக்கு வந்தது கவலை அல்ல, வயிற்றெரிச்சல். "பதினைஞ்சு நாளுக்கே குடுத்திட்டாங்களோ? நான் ரெண்டு வருசமா போம் நிரப்பி, குந்தியிருந்தே மிச்ச நாரியும் போச்சு!"

டே டு டே

தம்பி திரும்பி வந்தான், நாலு ஆட்டம் ஆடினான், மறுபடி தொடையைப் பிடித்துக்கொண்டான். செய்தியில் 'டே டு டே' என்று இருந்தது. இன்று ஆடுவானா என்பதை அந்தந்த நாள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும் என்பது அதன் பொருள். யாழ்ப்பாணத்தில் நான் படித்த இங்கிலீசில் அதற்கு ஒரே பொருள்தான். "இனித் தினமும் ஆடுவார்" என்று தளத்தில் போட்டுவிட்டேன்.

நம்பியவர்கள் எல்லோரும் தம்பியை அந்த வாரம் ஆடுவோர் பட்டியலில் வைத்தார்கள். அவன் வாரம் முழுக்க ஆடாமல் மைதானத்து ஓர வாங்கில் குந்தியிருந்தான். திங்கள் காலை ஒரு வங்கிக்காரர் கூப்பிட்டார். குரல் தேன் மாதிரி இருந்ததால் எனக்குப் பயம் பிடித்தது. "டீவியில் அவன் சூரியகாந்தி விதை சாப்பிடுவதைப் பார்த்தேன். அதற்கு எத்தனை புள்ளி என்று விதிகளில் பார்த்துச் சொல்வீர்களா?"

கடிதம்

அதோடு நிற்கவில்லை அந்த வங்கிக்காரர். என்னை வேலையிலிருந்து தூக்கச் சொல்லி இரண்டு பக்கக் கடிதம் எழுதினார். என் ஆறு மாதம் முடிய இன்னும் இரண்டு வாரம்தான் இருந்தது. தம்பி திரும்பி வந்து நன்றாக ஓடினால் அவருடைய கோபம் ஆறும், நானும் தப்பலாம். ஹெலன் கடிதத்தை என் முன்னால் வைத்தார். "இரண்டாம் பக்கத்தில் மனைவி பிரிந்துபோனதையும் எழுதியிருக்கிறார். அதற்கும் நீதான் காரணமோ என்று தேடிப் பார்த்தேன், நல்லவேளையாக இல்லை."

வேல்யூ

அந்த நாட்களில் தம்பியின் 'வேல்யூ' விழுந்துகொண்டே போனது. வால்தம்ஸ்டோவிலிருந்து ஓர் அமெரிக்கப் பெண், அவனைக் கொடுத்துவிட்டு முப்பத்தாறு வயதுக்காரர் ஒருவரை வாங்கலாமா என்று கேட்டார். ஆலோசனை சொல்வது எங்களுக்குத் தடை. ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த சாந்தி அக்காவுக்கோ இது கலியாணப் பேச்சாகவே பட்டது: "கால் சுகம் வரும், போன வயசு வராது. குடுக்க வேண்டாம் எண்டு சொல்லு!"

அர்ச்சனை

என் விசாக் கவலை முழுவதும் சாந்தி அக்காவுக்குத் தெரியும். ஒரு வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு வெஸ்ட் ஈலிங் அம்மனிடம் போனார். ஆட்டக்காரர்களின் பிறந்த தேதி எங்கள் தளத்திலேயே இருந்தது. அதை வைத்துப் பஞ்சாங்கம் பார்த்துத் தம்பியின் நட்சத்திரத்தைக் கண்டுபிடித்திருந்தார். திங்களன்று திருநீற்றை என் கீபோர்ட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். "ஐயர் பேரைக் கேட்டார், எனக்கு வாயிலை வரேல்லை. 'தம்பி, உத்தரட்டாதி, தொடை' எண்டு சொன்னன். அவரும் அப்பிடியே சொல்லிப்போட்டார்."

கடைசி ஓட்டம்

தம்பி வந்தான். முதல் நாளே மூன்றாம் கட்டையை நோக்கிப் பாய்ந்தான். பாதி வழியில் விழுந்தான். இந்த முறை நரம்பு கிழிந்தே போனது. அந்த வருடம் இனி ஆட்டம் இல்லை. அன்று முழுக்கப் போன் ஓயவில்லை. யாரை மாற்றலாம், புள்ளி திரும்பக் கிடைக்குமா, அடுத்த வருட வேல்யூ என்ன? வங்கிக்காரர் இரண்டாவது கடிதம் எழுதினார். ஹெலன் என்னை வேலையைவிட்டு அனுப்பவில்லை, ஆனால் பரீட்சையை இன்னும் ஆறு மாதம் நீட்டிவிட்டார். விசாவும் அத்தோடு ஆறு மாதம் தள்ளிப்போனது.

சனிக்கிழமை போன் கார்ட் ஒன்று வாங்கித் தர்சினியைக் கூப்பிட்டேன். ஒரு பொடியனின் தொடையால் நாங்கள் இன்னும் ஆறு மாதம் பிரிந்திருக்க வேண்டும் என்று சொன்னேன். அவனை நாலு வார்த்தை திட்டுவாள், அந்தச் சாட்டில் நானும் திட்டலாம் என்று இருந்தேன். அவளோ கேட்டாள்: "என்னப்பா, அந்தப் பொடியனுக்கு இப்பவும் நோகுதாமோ? தாய் பக்கத்திலை நிக்கிறாவோ?"

அந்தத் தொடையைப் பற்றிப் பேசிப் பேசியே சம்பளம் வாங்கிய நான், திங்கள் காலை முதல்தடவையாக அவன் வேல்யூவை விட்டுவிட்டு, அவன் தாயைப் பற்றி ஏதாவது செய்தி இருக்கிறதா என்று தேடினேன்.