பக்கத்து வீட்டம்மா போட்ட பிடி அரிசி

உலகமெங்கும் போய் எல்லாருக்கும் நற்செய்தியைச் சொல்லுங்கள் என்று ஆண்டவர் சீஷர்களிடம் சொன்ன வசனத்தை எங்கள் வேதக்கோயிலில் வருஷத்துக்கு ஒருமுறையாவது பிரசங்கத்துக்கு எடுப்பார்கள். வாலிபத்தில் அதைக் கேட்டால் நெஞ்சு நிமிரும். இந்த வருஷம் கேட்டபோது எனக்கு முதலில் முழங்கால்தான் ஞாபகம் வந்தது. போங்கள் என்றால் எங்கே போக? காலை நாலரைக்கு எழுந்து, படுக்கையில் கிடக்கிற மனைவியைத் துடைத்து, சேலை மாற்றி, காப்பி கொடுத்து, பாளையங்கோட்டையில் பஸ் ஏறி, ஜங்ஷனில் மாறி, பேட்டைப் பட்டறையில் நாள் முழுக்க லேத் முன்னால் நிற்கிறேன். சாயங்காலம் வீடு வந்து ஜெபத்துக்கு உட்கார்ந்தால் பாதியிலேயே கண் சொருகிவிடுகிறது. ஆமென் சொன்ன ஞாபகம் இருப்பதில்லை.

மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குக் கூட்டி வந்த மறுநாள் காலை ஆறரைக்கு பக்கத்து வீட்டம்மா வாசல் கேட்டைத் திறந்துகொண்டு வந்தார்கள். குளித்த ஈரத் தலை, நெற்றியில் திருநீறு. தாலுகா ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவருடைய மனைவி. சைவக் குடும்பம், முட்டைகூடத் தொடமாட்டார்கள். எங்கள் அடுப்படியில் மீன்சட்டி எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டார்கள். அதை எடுத்துப் பின்கட்டில் வைத்துவிட்டு, அன்றிலிருந்து எங்களுக்குச் சமைக்க ஆரம்பித்துவிட்டார்கள். நான் கேட்கவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லும் தெம்பும் இல்லை. மகள் பெங்களூரில் கைக்குழந்தையோடு இருக்கிறாள். அந்தம்மா வராவிட்டால் நான் வேலையை விட வேண்டியதுதான்.

எங்கள் வீட்டில் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் ஒரு டப்பா உண்டு. உலைக்கு அரிசி அளந்ததும் அதிலிருந்து ஒரு பிடி எடுத்து அந்த டப்பாவில் போட வேண்டும். மாதக் கடைசியில் அதைக் கோயிலில் சேர்ப்போம். எல்லார் வீட்டு அரிசியையும் ஏலம் விட்டு, வடக்கே நற்செய்தி ஊழியம் செய்கிறவர்களுக்கு அனுப்புவார்கள். பிடி அரிசி என்று அதற்குப் பெயர். மனைவி கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒரு வேளை தவறவிட்டதில்லை.

அந்தம்மா வந்த இரண்டாம் நாள் நான் பார்த்தேன். அரிசியை அளந்தார்கள், ஒரு பிடி எடுத்து டப்பாவில் போட்டார்கள்.

"அக்கா போடுததப் பார்த்திருக்கேன். அவிய படுத்திருக்காவன்னு அது நின்னுரக் கூடாதுல்லா? எங்க அம்மை வீட்டுலயும் இதே மாதிரி எடுத்து வைப்பாவ. அன்னதானத்துக்கு. இதும் அதுக்குத்தானே அண்ணாச்சி?"

"கோயில் காரியத்துக்குத்தான் தங்கச்சி" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்பது உண்மைதான். ஆனால் நான் ஓடியது பஸ்ஸுக்காக அல்ல.

இருபது வயதில் வேனில் ஏறி ராதாபுரம் பக்கம் பனங்காட்டு ஊர்களுக்கெல்லாம் நற்செய்தித் துண்டுப்பிரதி கொடுக்கப் போனவன் நான். மைக்கைப் பிடித்துப் பேசியும் இருக்கிறேன். அங்கே என்னை யாருக்கும் தெரியாது. பேசிவிட்டு வேனில் ஏறிவிட்டால் முடிந்தது. பக்கத்து வீடு அப்படி இல்லை.

அந்த மாதம் கடைசி ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்துக்கு உலகமெங்கும் போங்கள் என்கிற அந்த வசனம்தான். ஆராதனை முடிந்து டப்பாவைக் கொண்டுபோய் நீட்டினேன். அரிசியை வாங்கிச் சாக்கில் கொட்டுகிறவர் கையில் தூக்கிப் பார்த்தார்.

"என்ன வே, வீட்டுக்காரம்மா படுத்திருக்காவ. உம்ம டப்பா என்னமோ முன்னையவிட கனக்கு?"

"பக்கத்து வீட்டம்மா வந்து பொங்குதாவ. அவிய போடுதாவ."

"நம்ம சபையா?"

"இல்ல. சைவம்."

"அட, அவியளுக்குச் சொல்லதுக்கு அவிய கையாலயே அரிசி போட வச்சிட்டீரே! கெட்டிக்காரரு வே நீரு."

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் வெறும் டப்பாவோடு வீடு வரைக்கும் நடந்தபோது அது நிறைந்திருந்ததைவிடக் கனமாக இருந்தது. கேட்காமல் உதவி செய்கிறவர்களை நான் ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன். சொன்னால் நாளையிலிருந்து வராமல் போகலாம். சொல்லாவிட்டால் நாளையும் ஒரு பிடி விழும்.

அடுப்படியில் குக்கர் ஏறியிருந்தது. அந்தம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். டப்பாவை அதன் இடத்தில் வைத்தேன்.

"தங்கச்சி, ஒரு விஷயம் சொல்லணும். கோவப்படக் கூடாது."

"நேத்து ரசத்துல உப்பு கூடிட்டா?"

"அதில்ல. இந்த அரிசி அன்னதானத்துக்கு இல்ல. வடக்க ஆள் அனுப்புதோம். இயேசுவப் பத்தித் தெரியாதவங்களுக்குப் போய்ச் சொல்லதுக்கு. அந்தச் செலவுக்குப் போவுது."

கீரையை வைத்துவிட்டு நிமிர்ந்தார்கள். "தெரியாதவியன்னா, எங்கள மாதிரி ஆளுவளுக்கா?"

"ஆமா."

குக்கரில் முதல் விசில் வந்தது.

"அம்புட்டு தூரத்துக்கு ஆள் அனுப்புதிய. நான் பதினெட்டு வருஷமா இந்தச் செவுத்துக்கு அந்தப் பக்கம் இருக்கேன். எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்லையே அண்ணாச்சி."

"சொன்னா பழக்கம் விட்டுப் போயிருமோன்னு பயம்தான்."

"இப்ப பயம் போயிட்டாக்கும்?"

"இல்ல. இப்பத்தான் கூடுதலா இருக்கு."

அவர்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, சொல்லுங்க. இன்னும் ரெண்டு விசில் இருக்கு."

வேனில் போன காலத்தில் மனப்பாடம் செய்ததெல்லாம் ஒரு வரியும் வரவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"எனக்கு ரொம்ப அலுத்துப் போச்சு தங்கச்சி. காலைல அவளத் தூக்கி உக்கார வைக்கும்போது, இதுக்கு மேல முடியாது ஆண்டவரேன்னு தினமும் சொல்லுதேன். பதிலுன்னு ஒண்ணும் காதுல விழல. ஆனா பக்கத்துல இருக்காருன்னு தெரியுது. எனக்காகப் பாடுபட்டு, செத்து, உயிரோட எழுந்தவரு. அவரு என்னத் தெரியாதவரு மாதிரி விட்டுட்டுப் போயிர மாட்டாரு. இவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது. "முடியலன்னு எங்கிட்டக்கூட சொன்னதில்ல, இந்த மனுசன்."

மூன்றாவது விசில் வந்ததும் அந்தம்மா அடுப்பை அணைத்தார்கள். "கேட்டுக்கிட்டேன் அண்ணாச்சி. எனக்கு எஞ்சாமி இருக்கு, அது போதும். ஆனா இனி அந்த டப்பாவுல நான் போட மாட்டேன். தப்பா நினைக்காதிய."

"போட்டத வேணும்னா..."

"போட்டத யாராவது திரும்ப எடுப்பாவளா? யாரோ ஒருத்தரு வயித்துக்குத்தானே போவுது." முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்கள். கேட் சாத்துகிற சத்தம் கேட்டது. கீரை பாதி ஆய்ந்தபடி கிடந்தது. மீதியை நான் ஆய்ந்தேன்.

திங்கட்கிழமை காலை ஆறரை ஆயிற்று. மனைவிக்குத் தலை சீவிக்கொண்டே காதை வாசலில் வைத்திருந்தேன். பட்டறைக்கு லீவு சொல்லலாமா என்று போனைக் கையில் எடுத்தபோது ஆறே முக்கால் ஆகியிருந்தது. அப்போது கேட் திறந்தது.

"தண்ணி இன்னைக்கு லேட்டாத்தான் வந்துது" என்று சொல்லிக்கொண்டே நேரே அடுப்படிக்குப் போனார்கள். அரிசியை அளந்தார்கள். டப்பாவைத் தொடவில்லை. ஆனால் அளந்த அரிசியைக் களையாமல், பாத்திரத்தோடு டப்பா பக்கத்தில் வைத்துவிட்டுக் காய் நறுக்க உட்கார்ந்தார்கள்.

எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்தது. எழுந்து போய் ஒரு பிடி அள்ளினேன். நாற்பது வருஷம் ஆண்டவருக்கு ஊழியம் செய்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். அந்த டப்பாவில் நான் போடுவது அதுதான் முதல் தடவை.

"பைய அண்ணாச்சி" என்றார்கள், திரும்பிப் பார்க்காமல். "ஒங்க கை பெருசு. சோத்துக்குக் கொஞ்சம் மிச்சம் வையுங்க."