கூப்பிட்டால் வந்த கோழி

"எங்க ஆள் ஒருத்தர் பண்ணின தப்பு சார்" என்று பறவை பார்க்கும் குழுவின் தலைவர் என் மாப்பிள்ளையைக் கை காட்டிச் சொன்னார். அது இன்னும் என் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. வருடங்கள் போயும் விழுங்க முடியவில்லை.

மாப்பிள்ளை என்றால் என் தங்கை புருஷன். ஃபிரிட்ஜ் ரிப்பேர் கடை. வாரம் முழுக்கக் கம்ப்ரசர் சத்தத்தில் கிடக்கிற மனுஷனுக்கு ஞாயிறு காலை ஏரிக்கரை வேண்டும். பைனாகுலரும் தொப்பியுமாக ஒரு கூட்டம் கூடும். இவர் முன்னால் நடப்பார். அங்கே இவருக்கு 'கூலிங்' என்று பேர். நானும் போய்ப் பார்த்தேன். எனக்குச் சேறும் கொசுவும்தான் தெரிந்தன.

அந்த ஏரியின் நாணலுக்குள் ஒரு நீர்க்கோழி இருந்தது. லேசில் வெளியே தலை காட்டாது. மாப்பிள்ளை அதன் குரலைப் போனில் பிடித்து வைத்து, நாணல் ஓரம் குனிந்து அதையே போடுவார். வேறொரு கோழி தன் இடத்தில் நுழைந்துவிட்டது என்று நினைத்து அது சண்டைக்கு ஓடிவரும். கூட்டம் படம் எடுக்கும். இவருக்குத் தலைகால் புரியாது.

"வீட்ல நான் கத்தினா காது கேக்காது. அங்க போய் கோழியக் கூப்பிட்டுட்டு இருக்காரு" என்பாள் தங்கை.

"அது கோபம் வந்தாத்தான் வரும். நீ கூப்பிடாமலே வந்துடுற" என்பார் இவர்.

இப்படி இருக்கையில், ஏரியில் பாதியைத் தூர்த்து பஸ் நிலையம் கட்டப் பேச்சு வந்தது. அந்தக் கோழி அங்கே குஞ்சு பொரிக்கிறது என்று அதிகாரிகள் கண்ணால் பார்த்தால் ஏரி தப்பும். குழு ஈரநிலப் பாதுகாப்பு நாள் என்று அறிவித்து அவர்களை அழைத்தது. தலைவர் கடைக்கே வந்தார். நானும் அங்கே உட்கார்ந்திருந்தேன்.

"அன்னைக்கு அது வரலைன்னா மானம் போயிடும் கூலிங். தினமும் போட்டுப் பழக்குங்க."

"முட்டை வெச்சிருக்கு போல சார். அடிக்கடி எழுப்பினா..."

"ஏரியே போனா முட்டைய எங்க வைக்கும்?"

மாப்பிள்ளைக்கு ஏரி மேல் இருந்த ஆசை கண்ணை மறைத்துவிட்டது. தினமும் கடைக்குப் போகும் வழியில் வண்டியை நிறுத்திப் போட்டார். முதலில் ஓடி வந்தது. பிறகு தயங்கி வந்தது. அப்புறம் உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. கடைசியில் அதுவும் நின்றுபோனது. தலைவரிடம் போய்ச் சொன்னார். "சத்தத்தைக் கூட்டி வைங்க" என்றார் அவர்.

விழா அன்று போன் கத்திக்கொண்டே இருந்தது, நாணல் அசையவில்லை. ஓர் அதிகாரி கொட்டாவி விட்டார். உள்ளே விலக்கிப் பார்த்தபோது கூட்டில் எறும்பு மொய்த்த முட்டைகள்தான் கிடந்தன. அப்போதுதான் தலைவர் அந்தக் கையை நீட்டினார். நான் அவரிடம் நியாயம் கேட்கப் போனேன். மாப்பிள்ளை என் சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டார்.

இப்போது அங்கே பஸ் நிற்கிறது. மீதி ஏரியைச் சுற்றித் தலைவர் இன்னும் ஆட்களைக் கூட்டிப் போகிறார். மாப்பிள்ளை அந்தப் பக்கமே போகவில்லை. ஞாயிறும் கடை திறந்தார்.

நுரையீரல் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார். தங்கையைப் பார்த்துக்கொள்ளச் சொல்வார் என்று குனிந்தேன். தலையணைக்கு அடியிலிருந்து போனை எடுத்து என் கையில் வைத்தார்.

"மச்சான், அந்தக் குரல் இன்னும் இதுல இருக்கு. எனக்கப்புறம் யாராவது தெரியாம ஏரிப் பக்கம் போட்டுடப் போறாங்க. ஒருவேளை அது திரும்பி வந்திருந்தா... அழிச்சிடு."