தேர்ட் பேஸுக்குப் பின்னால் ஒரு பள்ளம்

இன்று சொல்ல வந்தவை:
1. தரையில் உருண்டு வரும் பந்து நம்மிடம் வரும்வரை நிற்கக் கூடாது.
2. முன்னே ஓடிக் குனிந்து எடுத்தால்தான் எதிரணிப் பிள்ளையை அவுட் ஆக்கலாம்.
3. கௌசல்யா பந்துக்குப் பயப்படுகிறாள்.

மஸ்கெலியாவுக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்டப் பாடசாலைப் பெண் பிள்ளைகளுக்கு நான் பேஸ்போல் மாதிரியான சொப்ட்போல் ஆட்டம் பழக்குகிறேன். ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியன். ஆட்டத்தைப் புத்தகத்தில்தான் படித்தேன்.

சனிக்கிழமை ஹட்டனில் போட்டி. களத்தின் மூன்றாவது முனையான தேர்ட் பேஸில் நிற்கும் கௌசல்யா எந்தப் பந்துக்கும் முன்னே வருவதில்லை. அவளை மாற்றிவிடுவது என்று காலையில் முடிவு செய்திருந்தேன்.

"பந்து கடிக்காதுடி, ஓடியா!" என்று ஃபர்ஸ்ட் பேஸிலிருந்து அவள் தோழி கத்தினாள். இவள் அசையவில்லை.

பக்கத்தில் போய், "பயமா இருக்கா?" என்றேன்.

"பயமில்லைங்க சார். பின்னால பாருங்க, நேரா பள்ளம். நான் முன்னுக்கு ஓடி பந்த விட்டுட்டா தேயிலைக்குள்ள உருண்டு போயிரும். இருக்கிறதே ரெண்டு பந்து. அதுவும் போனா எத வச்சுப் பழகுறது?"

இது புத்தகத்தில் இல்லை.

"நீ ஓடு. பின்னால நான் நிக்கிறேன்" என்றேன்.

அடுத்த பந்துக்குப் பாய்ந்து வந்து, குனிந்த வாக்கிலேயே எடுத்து ஃபர்ஸ்ட் பேஸுக்கு எறிந்தாள். "மெதுவாடி, கை போச்சு!" என்று தோழி அலறினாள்.

அதற்கடுத்தது கௌசல்யாவைத் தாண்டி வேகமாக என்னிடம் வந்தது. நான் ஒதுங்கிக்கொண்டேன்.

சனிக்கிழமை தேர்ட் பேஸில் கௌசல்யாதான். எங்களிடம் இப்போது ஒரு பந்து இருக்கிறது. பழைய பந்து வைத்திருப்பவர்கள் கீழே எழுதலாம்.

மூன்றாவது குறிப்பு பிழை. பெயரை மட்டும் மாற்றி வாசித்துக்கொள்ளுங்கள்.