இறைச்சி எனக்கு, சூப் அவளுக்கு

இறைச்சியைப் பற்றி எனக்கு ஒருவரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். மெல்பேர்னுக்கு வந்து மூன்றாம் கிழமையே இறைச்சித் தொழிற்சாலையின் குளிர் அறைக்குள் கத்தியோடு நின்றேன். பதினொரு வருடம் நின்றேன். பிறகு கிரான்பர்னில் சொந்தக் கடை போட்டேன். எங்கள் சனத்தின் கறிக்கு ஏற்ற மாதிரி ஆட்டை எலும்போடு சின்னத் துண்டாக வெட்டிக் கொடுக்க அந்தப் பக்கத்தில் வேறு ஆள் இருக்கவில்லை. எந்தத் துண்டு எத்தனை நிமிடத்தில் அவியும் என்று தொட்டுப் பார்த்தே சொல்வேன். இன்றைக்கும் சொல்வேன். கடையை விற்று ஒன்பது வருடமாகிறது, கை மறக்கவில்லை.

மனைவிக்குச் சலரோகம், சீனி வருத்தம், கன காலமாக இருக்கிறது. போன வருடம் குளிர் தொடங்கிய நேரம் புதுச் சப்பாத்து கடித்து, வலது காலில் பெருவிரலுக்குக் கீழே ஒரு கொப்புளம் வந்தது. உடைந்து புண்ணானது. ஆறவில்லை. நேர்ஸ் கிழமைக்கு இரண்டு தரம் வீட்டுக்கு வந்து துடைத்துக் கட்டிவிட்டுப் போவாள். ஒவ்வொரு தரமும் ஒரு கடதாசி அளவுகோலைப் புண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து அளந்து எழுதிக்கொள்வாள். முகத்தில் ஒன்றும் காட்ட மாட்டாள்.

கிளென் வேவர்லியில் இருக்கும் மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை புரோட்டீன் தூள் அடைத்த பெரிய தகரப் பேணி ஒன்றோடு வந்து இறங்கினாள்.

“அம்மாக்குப் புரோட்டீன் காணாது அப்பா. அதுதான் புண் மாறுதில்ல. இதைப் பாலில கரைச்சுக் குடுங்கோ.”

“இறைச்சிக்கடைக்காரன்ரை பெண்சாதிக்குப் பேணித் தூளோ? சனம் சிரிக்கும்.”

“எந்தச் சனம் அப்பா? பக்கத்து வீட்டு வெள்ளைக்காரனோ?”

“நீ என்ன, தூளைத் திண்டோ வளந்தனி?”

“ஓகே, யூ வின்,” என்று பேணியைத் திரும்பக் காருக்குள் கொண்டுபோய் வைத்தாள். நான் வெல்வது எனக்குப் புதிதில்லை.

அடுத்த நாளே சூப் தொடங்கினேன். பிள்ளை பெற்றவளுக்கும், காய்ச்சலில் கிடந்து எழும்பினவனுக்கும் நாங்கள் சூப் அவித்துத்தானே கொடுப்போம்? நெஞ்செலும்பும் கழுத்தும் நானே பார்த்துப் பொறுக்கி, மிளகு, சீரகம், உள்ளி தட்டிப் போட்டு, மூன்று மணித்தியாலம் மெல்லிய நெருப்பில் விடுவேன். சத்து முழுக்கத் தண்ணீருக்குள் இறங்கிவிடும், மிச்சம் வெறும் சக்கை. அப்படித்தான் நான் நம்பியிருந்தேன். அவளுக்குத் தொண்டையில் ஒரு நார்கூடச் சிக்கக்கூடாது என்று வடியால் வடித்து, காலையும் பின்னேரமும் ஒவ்வொரு கோப்பை கொடுத்தேன். வடியில் நின்ற இறைச்சியை எறிய மனம் வராது. வெங்காயம், செத்தல் மிளகாயோடு பிரட்டிப் புட்டோடு நான் சாப்பிட்டேன்.

“சக்கை எனக்கு, சத்து உனக்கு” என்று பகிடி விடுவேன். அவளும் சிரிப்பாள்.

இரண்டு மாதம் இப்படிப் போனது. அவளுடைய காப்பு முழங்கை வரைக்கும் ஏறி இறங்கத் தொடங்கியது. எனக்கு வயிறு வைத்தது. ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை டொக்டர் புண்ணைக் கிண்டிப் பார்த்துவிட்டு, ஆறு கிழமை தருகிறேன் என்றார். அதற்குள் புண் மூட வேண்டும். இல்லாவிட்டால் காலை எடுக்க வேண்டி வரும். சாப்பாட்டு விசயம் பேச அதே கட்டடத்தில் இன்னோர் அறைக்கு எங்களை அனுப்பினார்.

அங்கே இருந்தது கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பெண் பிள்ளை. தமிழைக் கேட்டதும் எனக்குத் தெம்பு வந்தது.

“ஆன்ட்டி, ஒரு நாளைக்கு என்னென்ன சாப்பிடறீங்க?”

மனைவி என் முகத்தைப் பார்த்தாள். பதில் நான்தான் சொன்னேன். எலும்பு தெரிவு செய்வதில் இருந்து வடிப்பது வரைக்கும் ஒன்றும் விடாமல், கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

“சரிங்க அங்கிள். அந்த மட்டன் பீஸையெல்லாம் என்ன பண்றீங்க?”

“அது சக்கை, பிள்ளை. நான் சாப்பிடுவன்.”

எழுதிக்கொண்டிருந்த கை நின்றது. “டெய்லியா?”

“ஓம்.”

“அங்கிள், புரோட்டீன் அந்தப் பீஸ்லதான் இருக்கு. தண்ணில ரொம்பக் கொஞ்சம்தான் இறங்கும்.”

“அப்ப மூண்டு மணித்தியாலம் அவிக்கிறது என்னத்துக்கு?”

“நல்லா டேஸ்ட்டா இருக்கும்.”

நான் முப்பது வருடம் இறைச்சியோடு நின்றவன் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவும் செய்தேன். அந்தப் பிள்ளை கோபிக்கவில்லை. மனைவியின் பக்கம் கதிரையைத் திருப்பிக்கொண்டு, “ஆன்ட்டி, கால்ல புண் வர்றதுக்கு முன்னாடி எப்படி? வீட்ல மட்டன் குழம்பு வச்சா உங்களுக்கு எத்தனை பீஸ் எடுத்துப்பீங்க?” என்று கேட்டது.

“எனக்குக் குழம்பு காணும் பிள்ளை. துண்டு அவருக்கும் பிள்ளையளுக்கும்.”

“எவ்ளோ வருஷமா இப்படி?”

“கலியாணம் முடிச்ச நாளில இருந்து.”

நேரம் என்னவென்று கேட்டால் சொல்வது போலச் சொன்னாள். நாற்பத்தாறு வருடம். ஒவ்வொரு நாளும் கடையில் இருந்து முதல்தரத் துண்டாகப் பார்த்துக் கொண்டுவந்து குசினியில் வைத்தவன் நான். நான் சாப்பிட்டு எழும்பிய பிறகுதான் அவள் இருப்பாள். அவளுடைய சோற்றுக் கோப்பைக்குள் என்ன கிடந்தது என்று நான் ஒரு நாளும் பார்த்ததில்லை.

பவுடர் ஒன்றும் வேண்டாம் என்றது அந்தப் பிள்ளை. முட்டை, மீன், கோழி, தண்ணியாக இல்லாமல் கட்டியாக வைத்த பருப்பு, கடலை, தயிர். வீட்டில் இருப்பதே காணும், இரத்தச் சோதனையில் கிட்னி நன்றாக இருக்கிறது, பயப்படாமல் கொடுக்கலாம் என்றது. தூள் விசயத்தில் நான் சொன்னதுதான் சரி. அதை மகளுக்கு நான் சொல்லவில்லை.

அன்றிலிருந்து குசினி என் கையில். காலையில் இரண்டு முட்டை. மத்தியானம் பேணி மீனை வெங்காயமும் தேசிக்காயும் விட்டுப் பிசைந்து கொடுத்தேன். மெலிந்ததில் பல் முரசு வற்றி அவளுடைய பொய்ப்பல் கட்டு ஆடியது, ஆகையால் கோழியைக் கத்தியாலேயே கொத்திக் கொத்தி மா மாதிரி ஆக்கினேன். அப்படிக் கொத்த இந்த ஊரில் ஆள் இல்லை. வெள்ளிக்கிழமை மீன், முட்டை, இறைச்சி என்று மச்சம் ஒன்றும் தொட மாட்டாள், அன்றைக்குப் பயறும் தயிரும். ஆனால் பசி அவளை விட்டுப் போய்விட்டிருந்தது. நாலு வாய்க்கு மேல் இறங்காது.

“காணும். ஏலாமக் கிடக்கு.”

“விழுங்கடி! கால் வேணுமோ வேண்டாமோ?” என்று ஒரு நாள் கத்தினேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள். பிறகு குளியலறைக்குள் போய் வாந்தி எடுத்தாள்.

நாலாம் கிழமை நேர்ஸ் அளந்துவிட்டுச் சிரித்தாள். ஒரு பக்கத்தால் புதுத் தோல் வந்திருந்தது. ஐந்தாம் கிழமை காய்ச்சல். எலும்புக்குள் கிருமி போய்விட்டது என்றார்கள். முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

டொக்டரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொல்லி மகளைக் கேட்டேன். முதல் நாளே துண்டைக் கொடுத்திருந்தால் கால் தப்பியிருக்குமா? அவள் இங்கிலீசில் கேட்டாள். அவர் நிறைய நேரம் பேசினார், கையை விரித்தார்.

“சொல்லேலாதாம் அப்பா.”

“அவ்வளவு நேரம் கதைச்சார்?”

“அதைத்தான் கதைச்சவர்.”

மகள் கார் எடுக்கப் போன பிறகு மனைவியின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தேன். போர்வை ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்தது. வாழ்க்கையில் நான் ஒருவரிடமும் மன்னிப்புக் கேட்டவன் இல்லை. அன்றைக்கும் அந்தச் சொல் வாயில் வரவில்லை.

“துண்டு முழுக்க நான் திண்டுட்டன்” என்றேன்.

அவள் என் கையைத் தட்டிக்கொடுத்தாள். “அதுக்கென்னப்பா. நீங்கள் வேலைக்குப் போற ஆள். உங்களுக்குத்தானே பெலன் வேணும்.”

நான் வேலையை விட்டு ஒன்பது வருடம். மருந்து மயக்கத்தில் சொல்கிறாளா என்று முகத்தைப் பார்த்தேன். தெளிவாகத்தான் இருந்தாள்.